ரீபில்ட் செய்த இன்ஜின் என்று சொன்னால் அப்படியே மாட்டிவிடலாமா?

மிச்சிகனில் வீடு, இரண்டு கார் நிற்கிற கராஜ், விலைக்கு வந்திருக்கும் 1969 கமாரோ (செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று. கார் ஓடாது. கூடவே ஒரு செவர்லே 350 இன்ஜின் (350 கன அங்குல வி8), ஸ்டாண்டில் ஏற்றி, பிளாஸ்டிக் உறை போர்த்தி நிற்கிறது. ரீபில்ட் செய்து ஆறு வருஷமாகிறது, ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்ததில்லை என்கிறார் விற்பவர். அதை அப்படியே மாட்டி ஓட்டலாமா, மற்ற வேலைகளையும் வீட்டிலேயே முடிக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி.

அப்படியே மாட்டாதீர்கள். வீட்டில் முடிக்க முடியுமா என்றால், முடியும். நானும் இதே மாநிலத்தில், இதே மாதிரி கராஜில், இதே வருஷத்து கமாரோவைத்தான் செய்தேன். ஐந்து குளிர்காலம் பிடித்தது. நடுவில் புத்தம் புது கேம்ஷாஃப்ட் (மேடுகளால் தள்ளி வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒன்றைக் காவு கொடுத்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த "ரீபில்ட்" என்ற சொல். இதற்கு யாரும் இலக்கணம் எழுதி வைக்கவில்லை. பழைய பிஸ்டனுக்குப் புது ரிங், பழைய கிராங்குக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டுக்கு) புது பேரிங், மேலே செவர்லே ஆரஞ்சு பெயின்ட் அடித்தவரும் ரீபில்ட் என்பார். பிளாக்கை (இன்ஜினின் இரும்பு உடலை) விரிசல் சோதனை செய்து, போர் செய்து (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி), ஹோன் அடித்து (அதன் சுவரைக் கல்லால் தேய்த்து), கிராங்கைத் தேய்த்து, வால்வு சீட் மாற்றியவரும் அதையேதான் சொல்வார். பெயின்ட் இரண்டிலும் ஒன்றுபோலத்தான் பளபளக்கும். அதனால் விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: மெஷின் ஷாப் பில், சிலிண்டரை எவ்வளவு போர் செய்தார்கள் என்ற அளவு, கேம்ஷாஃப்டோடு பெட்டியில் வந்த விவரச் சீட்டு. மூன்றும் இருந்தால் இன்ஜினுக்கு ஒரு விலை. ஒன்றுமே இல்லையென்றால் அது பழைய இன்ஜின்தான், அந்த விலைக்குத்தான் கேட்க வேண்டும். அவர் பொய் சொல்கிறார் என்று இல்லை. பாவம், அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

350 என்பதால் பயப்படவும் தேவையில்லை. 1955-ல் 265 கன அங்குலத்தில் தொடங்கிய குடும்பம் இது. 350 முதன்முதலில் வந்ததே 1967 கமாரோவின் வேக மாடலான எஸ்எஸ்ஸில்தான். அதற்குப் பிறகு கார், வேன், பிக்கப் என்று செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம் பல பத்தாண்டுகள் இதை வார்த்துத் தள்ளியது. இதற்குக் கிடைக்காத உதிரிபாகம் என்று ஒன்று எனக்கு நினைவில்லை. அமெரிக்காவில் வீட்டில் உட்கார்ந்து ஒரு வி8 இன்ஜினைக் கற்றுக்கொள்ள இதைவிடச் சுலபமானது கிடையாது.

சரி, இன்ஜினை ஓரமாக வையுங்கள். கார் வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது இன்ஜின் இல்லை, துரு. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கம் ஒன்று ஓடுகிறது. நம் ஊர்ச் சாலைகளில் பனிக்காலத்தில் பனியை உருக்க உப்பை எப்படிக் கொட்டுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். கார்களைச் செய்த ஊரே கார்களைத் தின்னும் ஊரும். இன்ஜினில் தவறு நடந்தால் சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் டாலர் வரை போகும். துருவைத் தவறாகக் கணித்தால் வருஷக்கணக்கில் போகும்.

முதல் தலைமுறை கமாரோவில் துரு உட்காரும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: பின் குவார்ட்டர் பேனலின் (பின் சக்கரத்தைச் சுற்றிய தகட்டின்) கீழ் ஓரம், முன் சக்கரத்துக்குப் பின்னால் ஃபெண்டரின் அடி, டிக்கித் தரை, உள்தரைத் தகடு. இதையெல்லாம் தகடாகவே விற்கிறார்கள், வெட்டி ஒட்டிவிடலாம். மோசமானது கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கவுல். முன் கண்ணாடியின் அடியில், வைப்பர் இருக்கும் பகுதிக்குள், இலை தழை விழுந்து மக்கி, ஈரம் நின்று, உள்ளிருந்து அரிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு வாளித் தண்ணீரை அந்தச் சல்லடை வழியாக மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் கதவுக்கு முன்னால் கீழே வடிந்தால் நல்லது. உள்ளே கால் வைக்கும் இடம் நனைந்தால், விலையைப் பாதியாக்குங்கள் அல்லது கையைக் கும்பிட்டு விட்டு வந்துவிடுங்கள். மேற்கூரையில் வினைல் ஒட்டியிருந்தால் பின் கண்ணாடியின் ஓரத்தையும் அழுத்திப் பாருங்கள். வினைலுக்கு அடியில் தகடு வறுத்த அப்பளம் மாதிரி நொறுங்கும்.

பட்டி பூசி மறைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு சின்ன காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு பேனல் முழுக்க நகர்த்துங்கள். பிடி தளர்கிற இடத்தில் தகரம் இல்லை, பட்டி இருக்கிறது.

இந்த காருக்கு முழு சேசிஸ் கிடையாது. பாடியே சுமை தாங்குகிறது, முன்பக்கம் மட்டும் இன்ஜினைத் தாங்கும் தனிச் சட்டம், அதாவது சப்ஃப்ரேம், போல்ட்டில் தொங்குகிறது. அந்த போல்ட் ஏறும் இடங்களைக் கீழே படுத்து, ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். குத்தினால் உள்ளே போகிற காரை வாங்காதீர்கள்.

எண்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஓட்டுநர் பக்கம் டாஷ்போர்டின் மேல், கண்ணாடி வழியாகத் தெரியும் எண் 124 என்று தொடங்கினால் கம்பெனியிலிருந்து வி8-ஆக வந்த கார். 123 என்றால் ஆறு சிலிண்டராகப் பிறந்தது. அடுத்து 37 என்றால் கூப்பே, 67 என்றால் கூரை திறப்பது. அப்புறம் 9, அது வருஷம். பிறகு வரும் எழுத்து என் என்றால் ஒஹாயோவின் நார்வுட் ஆலை, எல் என்றால் கலிஃபோர்னியா ஆலை. எஸ்எஸ்ஸா, இசட் 28 என்ற இன்னொரு வேக மாடலா என்பதை இந்த எண் சொல்லவே சொல்லாது. ஐம்பது டாலர் பேட்ஜ் எவரும் ஒட்டலாம். காகிதம் இல்லாத எஸ்எஸ்ஸுக்கு எஸ்எஸ் விலை கொடுக்காதீர்கள். உங்கள் விஷயத்தில் இன்ஜின் வேறெங்கிருந்தோ வந்தது போலத் தெரிகிறது. எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் படுகிறது. எண் பொருந்தும் ஒரிஜினல் இன்ஜின் உள்ள காரில் கை நடுங்கும். பிளாக்கின் மேல் தளத்தைச் சீவக்கூட யோசிக்க வேண்டும், ஏனென்றால் முன்னால் வலது ஹெட்டுக்கு (சிலிண்டர்களின் மேல் மூடிக்கு) அடியில் அடித்திருக்கும் முத்திரை அதோடு போய்விடும். பொருந்தாத கார்தான் கற்றுக்கொள்ள ஏற்றது.

வேலையின் வரிசை முக்கியம். தகட்டு வேலை முதலில், இன்ஜின் அப்புறம். எல்லோருக்கும் இன்ஜினில்தான் ஆசை, அதனால் தலைகீழாகத் தொடங்குவார்கள். தகடு தேய்க்கும் கிரைண்டர் போடும்போது பறக்கிற பொடி கராஜின் ஒவ்வொரு மூலையிலும் உட்காரும். அதே கராஜில், அதே மாதத்தில் பேரிங்கை உறையிலிருந்து பிரிப்பது இன்ஜினுக்கு நீங்களே மண் அள்ளிப் போடுவது மாதிரி. கதவு நிலையையும் தரையையும் வெட்டும் முன் கதவுத் திறப்பில் குறுக்குக் கம்பி வெல்ட் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் தரையை வெட்டியதும் பாடி தொய்ந்து, அப்புறம் கதவு மூடாது. மெல்லிய தகட்டில் ஒரே கோடாக வெல்டை இழுக்காதீர்கள். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று தாவித் தாவி, ஆறவிட்டு வையுங்கள். பிரைமர் வரை வீட்டில் செய்யுங்கள். மேல் பெயின்ட்டை வெளியே கொடுங்கள். இன்றைய இரண்டு பாக பெயின்ட்டில் கலக்கும் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அதற்குத் தனியாகக் காற்று வருகிற முகமூடி வேண்டும், சாதாரண முகமூடி போதாது. வீட்டோடு ஒட்டிய கராஜில், உள்ளே குழந்தைகள் தூங்கும்போது செய்கிற வேலை இல்லை அது.

இப்போது இன்ஜின். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஆறு வருஷம் சும்மா நின்ற இன்ஜினில் என்ன ஆகியிருக்கும்? எட்டு சிலிண்டரில் சிலவற்றின் வால்வு எப்போதும் திறந்தே நின்றிருக்கும். அதன் வழியாக ஈரக்காற்று போய் சிலிண்டர் சுவரில் மோதிரம் மாதிரி துருக் கோடு போட்டிருக்கும். பூட்டும்போது தடவிய மசகு உலர்ந்து பசையாகியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் வாங்கியதில் இன்டேக் துளையில் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. கொட்டை ஓடுகள், பஞ்சு, எல்லாம் வால்வின் தலைமேல். மேலே உறை மட்டும் அழகாகப் போர்த்தியிருந்தது.

அதனால் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, கிராங்கின் முன் முனையில் இருக்கும் பேலன்சர் போல்ட்டில் நீளக் கைப்பிடி மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினாலும் சரி, சுற்றாவிட்டாலும் சரி, அடுத்தது திறப்பதுதான். கேஸ்கெட் செட் ஒன்றின் விலை, ஒரு கிராங்கின் விலையில் சின்னப் பகுதி.

திறந்ததும் இன்ஜினே தன் கதையைச் சொல்லும். பிஸ்டன் தலையில் 30 என்று குத்தியிருந்தால், சிலிண்டரை ஆயிரத்தில் 30 அங்குலம் போர் செய்திருக்கிறார்கள். பட்டறைக்காரர்கள் இந்த அளவைத் தௌ என்பார்கள். 350-க்கு கம்பெனி அளவு 4 அங்குலம், அப்படியானால் இப்போது 4.030. கிராங்கைப் பிடித்திருக்கும் மூடிகளில், அதாவது மெயின் கேப்புகளில், ஒன்றைக் கழற்றி பேரிங் ஓட்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். அங்கே 010 என்று இருந்தால் கிராங்கைப் பத்து தௌ தேய்த்திருக்கிறார்கள், எழுத்தில் ஸ்டாண்டர்ட் என்று இருந்தால் தேய்க்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் 307, 327, 350 மூன்றும் ஒன்றே போலத்தான் இருக்கும். அதனால் பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரத்தையும் அளந்துவிடுங்கள். 3.48 அங்குலம் இருந்தால்தான் அது 350. 3.25 என்றால் அவர் உங்களுக்கு விற்பது வேறு இன்ஜின்.

பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் இந்த இன்ஜினின் ஆயுள். அதை அளக்க விலை உயர்ந்த கருவி இல்லையென்றாலும் பிளாஸ்டிகேஜ் போதும். மெழுகு நூல் மாதிரி மெல்லிசாக இருக்கும். கிராங்கின் அந்தப் பகுதியையும் பேரிங்கையும் ஆயில் இல்லாமல் துடைத்து, நூலில் ஒரு துண்டை நீளவாக்கில் வைத்து, கேப்பை மூடி 70 அடி-பவுண்டுக்கு (டார்க் ரென்ச் காட்டும் முறுக்கு அளவு) முறுக்குங்கள். கிராங்கை மட்டும் சுற்றிவிடாதீர்கள். திரும்பக் கழற்றினால் நூல் நசுங்கிப் பட்டையாக இருக்கும். உறையில் அச்சடித்திருக்கும் கோடுகளோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். ஒன்றரை முதல் இரண்டரை தௌவுக்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பட்டை ஒரு முனையில் அகலமாகவும் மறு முனையில் குறுகலாகவும் இருந்தால், அந்த இடம் கூம்பாகத் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை உடனே மெஷின் ஷாப்புக்கு எடுத்துப் போங்கள். ஐந்து மெயினையும் அளங்கள், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் எட்டு கனெக்டிங் ராடையும் அளங்கள். ஒன்று சரியாக இருந்தது, மீதியும் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட வேண்டாம்.

அளவுகள் தவறியிருந்தால் பிளாக்கும் கிராங்கும் மெஷின் ஷாப்புக்குப் போக வேண்டும். போர், ஹோன், விரிசல் சோதனை, கிராங்கைத் தேய்ப்பது, கேம் பேரிங் ஏற்றுவது, இவற்றை வீட்டில் முயல வேண்டாம். எனக்கு ஹெட் வேலையோடு சேர்த்து மூவாயிரம் டாலரைத் தொட்டது. ஹெட்டைக் கொடுக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைப் பற்றிக் கேளுங்கள். 1969-ல் பெட்ரோலில் ஈயம் இருந்தது, அதுதான் அந்தச் சீட்டைத் தேயாமல் காத்தது. இன்று அது இல்லை. கடின உலோகச் சீட் போட்டால் பிறகு கவலை இல்லை.

ஷாப்பிலிருந்து பிளாக் திரும்பி வந்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. யாருக்கும் பிடிக்காத வேலை. கழுவுவது. ஹோன் அடித்த கல்லின் பொடி சிலிண்டர் சுவரின் கீறல்களுக்குள் ஒளிந்திருக்கும். பெட்ரோலோ தின்னரோ ஊற்றினால் போகாது. வெந்நீர், பாத்திர சோப்பு, பிரஷ். நன்றாகத் தேய்த்து, அலசி, திரும்பத் தேய்த்து, காற்றடித்து உலர்த்தி, வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஆயில் தொட்டுச் சுவரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வரும். திரும்பக் கழுவுங்கள். நான் நாலாவது தடவைதான் வெள்ளையாகப் பார்த்தேன். கழுவி முடித்த இரும்பு நம் கண் முன்னாலேயே பழுப்பாகும், அதனால் துடைத்த கையோடு ஆயில் பூசிவிட வேண்டும். என் மனைவி வெந்நீர்க் குழாயை கராஜுக்கு இழுத்ததற்கே ஒரு வாரம் பேசவில்லை.

கழுவும்போது ஆயில் பாதைகளின் அடைப்பு திருகுகளை ஒருமுறை எண்ணுங்கள். பின் மெயின் கேப்புக்கு அடியில் ஒரு சின்ன அடைப்பு இருக்க வேண்டும், கழுவக் கழற்றியதைத் திரும்பப் போட மறப்பது சகஜம். அது இல்லாவிட்டாலும் இன்ஜின் ஓடும், பிரஷர் காட்டும். ஆனால் ஆயில் ஃபில்டருக்குள் போகாமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை ஒவ்வொரு கையேட்டிலும் உண்டு, அதையெல்லாம் திரும்ப எழுதவில்லை. நான் பார்த்தவரை புதியவர்கள் தவறும் இடங்களை மட்டும் சொல்கிறேன். ரிங்கை பெட்டியிலிருந்து எடுத்து நேராக பிஸ்டனில் ஏற்றாதீர்கள். சிலிண்டருக்குள் தனியாக வைத்து, கவிழ்த்த பிஸ்டனால் நேராகத் தள்ளி, முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். ஒரு அங்குல விட்டத்துக்கு நாலு தௌ, அதாவது இதற்குப் பதினாறு. குறைவாக இருந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி சிலிண்டரைக் கீறும். பிஸ்டனை இறக்கும்போது ராட் போல்ட்டுகளில் பழைய பெட்ரோல் ஹோஸ் துண்டைச் செருகிவிடுங்கள், போல்ட்டின் முனை கிராங்கில் ஒரு கோடு போட்டால் முடிந்தது கதை. ஒவ்வொரு பிஸ்டனையும் பூட்டியபின் கிராங்கைச் சுற்றிப் பாருங்கள். திடீரென்று இறுகினால் கடைசியாகப் போட்டதுதான் குற்றவாளி. எட்டையும் போட்டுவிட்டுச் சுற்றினால் யாரைப் பிடிப்பது? ஹெட்டில் ஒரு பக்கத்துக்கு 17 போல்ட், நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், மூன்று தவணையாக 65 அடி-பவுண்டு. அந்த போல்ட்டுகள் தண்ணீர் ஓடும் அறைக்குள் இறங்குகின்றன, அதனால் மரையில் சீலர் தடவாவிட்டால் தண்ணீர் மேலே ஏறும். வேலையை நிறுத்தும் ஒவ்வொரு இரவும் பெரிய குப்பைப் பையால் மூடிக் கட்டுங்கள்.

இனி நான் காவு கொடுத்த கேம்ஷாஃப்ட்.

இங்கே ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் எல்லாம் ஊர்வலம் வரும், 1995-லிருந்து நடக்கிறது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த வருஷம் போய்விட வேண்டும் என்று எனக்கு வெறி. அதற்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யப் போனேன். பிடிக்கவில்லை. சுற்றினேன், சுற்றினேன், கார்புரேட்டர் வழியாக ஒரு தீ நாக்கு வந்து புருவத்தைக் கருக்கியது. பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரை 180 டிகிரி திருப்பி வைத்திருந்தேன். முதல் சிலிண்டர் பிஸ்டன் மேலே வந்ததைப் பார்த்தேனே தவிர, அது கம்ப்ரெஷனில் வந்ததா எக்ஸாஸ்ட்டில் வந்ததா என்று பார்க்கவில்லை. திருத்திவிட்டு அடித்ததும் பிடித்துக்கொண்டது. ஆஹா, என்ன சத்தம்! அப்படியே ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாத மெதுவான ஓட்டத்தில்) ஓடவிட்டு, எங்காவது ஒழுகுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும்.

இரண்டு நாளில் டக் டக் என்று ஒரு தட்டல். வால்வு கவரைக் கழற்றினால் ஒரு ராக்கர் (வால்வை அழுத்தும் கை) மட்டும் மற்றவை ஆடுவதில் பாதிதான் ஆடியது. ஃபில்டரை வெட்டிப் பிரித்தேன். மடிப்புக்குள் ஜிகினாப் பொடி மாதிரி இரும்பு. கேம் மேட்டில் ஒன்று உருண்டையாகத் தேய்ந்து போயிருந்தது. அந்தப் பொடி பேரிங் முழுக்கப் போனதால், இன்ஜினைத் திரும்ப இறக்கி எல்லாவற்றையும் கழுவி, பேரிங், ஆயில் பம்ப் உட்பட மாற்ற வேண்டியதாயிற்று. வுட்வர்டில் அந்த வருஷம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

ஏன் அப்படி ஆனது? அந்தக் காலத்து இன்ஜினில் கேம் மேட்டின் மேல் டேப்பட் (மேட்டின் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் குட்டித் துண்டு) தட்டையாக உரசிக்கொண்டே ஓடுகிறது. உண்மையில் முழுத் தட்டை இல்லை. டேப்பட்டின் அடி லேசாகக் குவிந்திருக்கும், கேம் மேடு லேசாகச் சாய்ந்திருக்கும், அதனால் டேப்பட் சுழன்றுகொண்டே ஏறி இறங்கும். புதிதில் இரண்டும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். அந்த இடத்துக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுழன்று வாரியடிப்பதால்தான் வருகிறது. ஐடிலில் அந்த வாரியடிப்பு போதாது. அதனால் முதல் ஸ்டார்ட் ஆனவுடனே நிமிஷத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் ஏற்றி, 2,500 வரை ஏற்றி இறக்கிக்கொண்டு, இருபது முப்பது நிமிஷம் அப்படியே ஓட்ட வேண்டும். இடையில் ஐடில் கிடையாது. ஏதாவது ஒழுகினால் இன்ஜினை நிறுத்துங்கள், சரிசெய்து திரும்ப அதே வேகத்தில் தொடங்குங்கள்.

ஆயிலும் முக்கியம். பழைய ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மம் தாராளமாக இருந்தது, உரசும் இடத்தில் அது படலமாக ஒட்டிக்கொள்ளும். எக்ஸாஸ்ட்டில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அது கெடுக்கிறது என்பதால் இன்றைய சாதாரண கார் ஆயிலில் குறைத்துவிட்டார்கள். உங்கள் காருக்கு கன்வெர்ட்டரே கிடையாது. பிரேக்-இன் ஆயில் என்றே தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். கேம் மேடுகளில் அதற்குரிய பசையை வஞ்சனையில்லாமல் தடவுங்கள். உங்களுக்கு வரும் இன்ஜினில் ஆறு வருஷத்துக்கு முன் தடவிய பசை இப்போது எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படியே மாட்டாதீர்கள் என்று நான் சொன்னதற்குப் பெரிய காரணமே இதுதான். கையில் பணம் இருந்தால் ரோலர் கேமுக்கு மாறிவிடலாம். உரசலுக்குப் பதில் உருளை, இந்தத் தலைவலியே இருக்காது. நான் இரண்டாவது தடவை அதைத்தான் செய்தேன்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயிலை இன்ஜின் முழுக்க ஏற்ற வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாக ஆயில் பம்ப்பின் தண்டை டிரில் மெஷினால் சுற்றலாம். வலப்பக்கமாகச் சுற்றுங்கள். வெறும் தண்டை மட்டும் விட்டால் போதாது. டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்புதான் அங்கே ஒரு ஆயில் பாதையை அடைத்து, வலது பக்க டேப்பட்டுகளுக்கு ஆயிலை அனுப்புகிறது. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றின் பல்லைக் கழற்றிக் கருவியாக்கிக்கொள்ளுங்கள், கடையிலும் கிடைக்கும். டிரில் முதலில் லேசாகச் சுற்றும், திடீரென்று கனக்கும், அப்போது பம்ப் ஆயிலைப் பிடித்துவிட்டது. இன்னொருவரை கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றச் சொல்லி, பதினாறு ராக்கரிலும் ஆயில் கசிவதைக் கண்ணால் பார்க்கும் வரை விடாதீர்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்க வேண்டும், டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) முன்கூட்டியே பத்து டிகிரி பக்கம் வைத்திருக்க வேண்டும், ரேடியேட்டர் நிறைந்திருக்க வேண்டும். கராஜ் கதவு திறந்திருக்கட்டும், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். பிளக் வயர் வரிசை 1-8-4-3-6-5-7-2, இதை மூன்று தடவை சரிபாருங்கள். ஆயில் கேஜை மட்டும் பார்க்க ஒரு ஆள் வேண்டும். என் மனைவிதான் பார்த்தாள், அதற்குள் சமாதானமாகியிருந்தோம்.

இன்ஜினை ஏற்றுவது நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை. ஏறக்குறைய 260 கிலோ, வாடகை ஹாயிஸ்ட் (தூக்கும் கருவி) போதும். ஸ்டாண்ட் மட்டும் நாலு கால் உள்ளதாகப் பாருங்கள், மூன்று கால் ஸ்டாண்ட் கராஜ் தரையின் ஒரு சின்ன விரிசலில் சக்கரம் மாட்டினாலே சாயும். இந்த காரில் ஒரு வசதியும் உண்டு. சப்ஃப்ரேம் தனியாக வருவதால், அதை வெளியே வைத்தே இன்ஜினும் கியர்பாக்ஸும் பூட்டி, மொத்தமாகப் பாடிக்கு அடியில் தள்ளிவிடலாம். முன் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது மட்டும் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுத் தொடுங்கள். அது விடுபட்டால் எலும்பை உடைக்கும்.

பிரேக்கில் யோசனையே வேண்டாம். குழாய், ஹோஸ், சிலிண்டர், மாஸ்டர் எல்லாமே புதிது. அடிப்படை மாடலில் நாலு சக்கரத்துக்கும் டிரம்தான், முன்னால் டிஸ்க்குக்கு மாற்றும் செட் கிடைக்கிறது. பழைய டிரம்மைக் காற்றடித்துத் தட்டாதீர்கள், அந்தப் பொடியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். பெட்ரோல் டேங்க்கும் புதிதாகவே வாங்கிவிடுங்கள்.

குதிரைத்திறன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்த வருஷத்து எஸ்எஸ் 350-க்கு 300 என்று எழுதியிருக்கும். அது சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதையும் சுமக்காமல் மேடையில் அளந்த கணக்கு. வண்டியில் இருப்பதுபோல எல்லாம் மாட்டி அளக்கும் முறை 1972-ல்தான் வந்தது. உங்களுடையது சக்கரத்தில் 200 பக்கம் கொடுத்தால் ஏமாந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

பணக் கணக்கைக் கேட்டால், செய்து முடித்த காரை வாங்குவதுதான் மலிவு. எனக்கு அப்படித்தான் ஆனது. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தது ஒரே ஒரு தடவை.

இந்தச் சனிக்கிழமை காரைப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். துணி சுற்றிய காந்தம், டார்ச், ஸ்க்ரூட்ரைவர், ஒரு வாளித் தண்ணீர், படுக்க ஒரு பழைய போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மணி நேரம் இன்ஜின் பக்கமே போகாதீர்கள், அவர் எவ்வளவு கூப்பிட்டாலும் சரி. கவுல் உலர்ந்திருந்து, சப்ஃப்ரேம் போல்ட் இடங்கள் உறுதியாக இருந்தால், அதற்குப் பிறகு அந்த உறையைத் தூக்கிப் பாருங்கள். பில் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் விலை பேசுங்கள்.